வீட்டுக்கு வரும் நாடக மேடை

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்தனர் நம் முன்னோர். இவற்றுள் இயலைத் தனித்திருந்து கற்கலாம். இசையைத் தனித்திருந்து கேட்கவும் பாடவும் செய்யலாம். நாடகம் அவ்வாறன்று. ஆடுவோர் மேடையிலும் காண்போர் எதிரிலும் ஒரே வேளையில் கூடினாலன்றி நாடகம் நிகழ்வதில்லை. இவ்வுண்மையைச் சிலப்பதிகார ஆசிரியர் நன்கு அறிந்திருந்தார். அரங்கேற்று காதையில் ஆடரங்கின் இலக்கணத்தைக் கூறுமிடத்து, அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு வகுக்கின்றார். மூவகைத் திரைகளைப் பற்றிச் சொல்கின்றார். தூண்களின் நிழல் அரங்கின்மேல் விழாதவாறு விளக்கு வைக்க வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. இவ்வளவு கவலையும் யாருக்காக? எதிரே அமர்ந்திருக்கும் காண்போரின் கண்ணுக்காகவே.

இன்று அந்த அரங்கம் இணையத்தின் வழியாக நம் இல்லத்துக்கே வருகின்றது. சென்னை இசை விழாவின் பரதநாட்டியமும், லண்டன் மாநகரின் நாடகமும், நியூயார்க் நகரின் ஓபரா என்னும் இசை நாடகமும் கைப்பேசியின் சிறு திரையில் விரிகின்றன. இவ்வாறு காண்பது நாடகம் காண்பதாகுமா? ஆகுமென்றால், அதற்கு நாம் செய்ய வேண்டுவது என்ன? தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழருக்கு இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய வினா அன்று.

பெங்களூரிலுள்ள பிரேசர் டவுனை எடுத்துக்கொள்வோம். 1809-இல் அமைந்த படைத்தளத்தைச் சுற்றி வளர்ந்த கன்டோன்மென்ட்டின் ஒரு பகுதி அது. 1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் வாட்டியது. அதன்பின் நெரிசலற்ற புதிய குடியிருப்புகளை அமைக்க முற்பட்டனர். மைசூர் அரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு இளமையில் ஆசிரியராயிருந்து, பின்னர் மைசூரின் ரெசிடெண்டாகவும் விளங்கிய ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை இப்பகுதிக்கு இட்டனர். பிற்காலத்தில் புலிகேசி நகர் என்று பெயர் மாற்றம் பெற்றபோதிலும் மக்கள் நாவில் அது பிரேசர் டவுனாகவே நிற்கின்றது. படையோடும் வணிகத்தோடும் கட்டட வேலையோடும் சென்னை மாகாணத்திலிருந்து வந்து தங்கிய தமிழர் பலர் இப்பகுதியில் வேரூன்றினர். எம். எம். ரோடு என்று சுருக்கி வழங்கும் சாலையின் முழுப்பெயரில் மாதவராய முதலியார் இன்றும் இருக்கின்றார்.

பிரேசர் டவுனிலிருந்து சென்னை ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஒரு நாடகத்துக்காகவோ ஒரு நாட்டியக் கச்சேரிக்காகவோ அவ்வளவு தொலைவு சென்று மீளுதல் எல்லாருக்கும் இயலுவதன்று. திரைப்படம் இங்கேயே வந்துவிட்டது. எவரெஸ்ட் டாக்கீஸை இப்பகுதியின் முதியோர் யாவரும் அறிவர். மேடையோ அவ்வாறு எளிதில் பெட்டிக்குள் அடங்கி ரயிலேறி வருவதில்லை. ஆகவே கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியில் பயின்று, தமிழை வீட்டுப் பேச்சாக மட்டுமே அறிந்து வளரும் பிள்ளைகளுக்குத் தமிழின் மூன்றாம் பிரிவு பெரும்பாலும் பெயரளவிலேயே தெரிகின்றது. எழுத்தறியாத தமிழனுக்கும் மொழியின் நயத்தை ஊட்டி வந்தது நாடகம். எழுதப் படிக்கத் தெரியாமல் தமிழ் பேசும் இன்றைய பிள்ளைக்கும் அது அவ்வாறே உதவக்கூடும். இணையவழி அரங்கத்தைப் பொருட்படுத்தி நோக்குவதற்கு இதுவே தலையாய காரணம்.

தொலைவிலிருப்போருக்கு அரங்கை அனுப்பும் முயற்சி புதிதன்று. 1881-இல் பாரிஸ் நகரில் நடைபெற்ற மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் என்னும் பொறியாளர், ஓபரா மேடையின் விளிம்பில் தொலைபேசிக் கருவிகளைப் பொருத்தினார். கண்காட்சிக்கு வந்தோர் இரு காதுகளிலும் குழல்களை வைத்துக்கொண்டு, அங்கு நிகழ்ந்த பாட்டை அதே கணத்தில் கேட்டு வியந்தனர். பின்னர் வானொலி வந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா 1931-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று தன் அரங்கிலிருந்து ஒரு முழு ஓபராவை ஒலிபரப்பியது. நம் நாட்டிலும் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையின்போது பாடப்பெறும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் வானொலி வாயிலாக எத்தனையோ ஊர்களின் வீடுகளை நிறைத்ததை நேயர்கள் அறிவர்.

காதுக்கு வந்த அரங்கம் கண்ணுக்கும் வரச் சில பத்தாண்டுகள் ஆயின. மெட்ரோபாலிடன் ஓபரா 2006-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், மோசார்ட்டின் 'மாயக் குழல்' என்னும் ஓபராவைத் தன் மேடையிலிருந்து திரையரங்குகளுக்கு நேரடியாக அனுப்பியது. லண்டனிலுள்ள நேஷனல் தியேட்டர் 2009 ஜூன் மாதத்தில் 'ஃபேத்ர்' நாடகத்தைக் கொண்டு அவ்வழியைப் பின்பற்றியது. 2020-இல் கொரோனா பெருந்தொற்று உலகெங்கும் அரங்கக் கதவுகளை அடைத்தபோது, முன்பு பதிவு செய்து வைத்திருந்த நிகழ்ச்சிகளே கலைக்கும் காண்போருக்கும் இடையே பாலமாயின. அவ்வாண்டு மார்ச் 16 முதல் மெட்ரோபாலிடன் நிறுவனம் இரவுதோறும் ஓர் ஓபராவை இலவசமாக இணையத்தில் வழங்கியது. ஏப்ரல் தொடங்கி நேஷனல் தியேட்டர் வாரம் ஒரு நாடகத்தை அளித்தது. டிசம்பரில் சென்னை மியூசிக் அகாதெமி தன் ஆண்டு விழாவை இணையவழியிலேயே நடத்தியது. அவ்வாண்டு மார்கழியில் மயிலாப்பூரில் இருப்பவருக்கும் பிரேசர் டவுனில் இருப்பவருக்கும் மேடை ஒரே தொலைவில் இருந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். நாடகத்தைத் திரைப்படமாக ஆக்குவது வேறு. மேடையில் நிகழும் நாடகத்தைப் படம் பிடிப்பது வேறு. எம். ஆர். ராதா மேடையில் நடித்துப் புகழ் பெற்ற 'ரத்தக் கண்ணீர்' 1954-இல் திரைப்படமாயிற்று. சிவாஜி கணேசன் மேடையேற்றிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959-இல் திரைக்கு வந்தது. இவற்றில் கதையும் வசனமும் நடிகரும் மேடையிலிருந்து வந்தவை. எனினும் மேடை வரவில்லை. ஒரு காட்சி சரியாக அமையாவிடில் மீண்டும் எடுக்கலாம். காண்போர் எவரும் எதிரில் இல்லை.

அரங்கப் பதிவிலோ, ஓர் இரவு ஓர் அரங்கில் ஒரு கூட்டத்தின் முன் நிகழ்ந்தது நிகழ்ந்தவாறே நமக்குக் கிடைக்கின்றது. நடிகர் வசனத்தை ஒரு கணம் நிறுத்திச் சிரிப்பொலி அடங்கக் காத்திருப்பதைக் காண்கின்றோம். நாட்டியம் முடியும்வரை மூச்சடக்கி அமர்ந்திருந்த அவை, முடிந்தவுடன் ஆரவாரிப்பதைக் கேட்கின்றோம். அடுத்த கணம் தவறிவிடலாம் என்னும் நிலையில் ஒருவர் தவறாது நின்று காட்டுவதே மேடைக்கலையின் உயிர். நல்ல பதிவு அந்த உயிரைக் காக்கும்.

ஆயினும் கேமரா கொடுப்பது ஒன்று, எடுத்துக்கொள்வது மற்றொன்று. அரங்கில் கடைசி வரிசையில் அமர்ந்தவர் நாட்டியக் கலைஞரின் கண்ணசைவைக் காண்பது அரிது. கேமராவோ முகத்தை அருகில் காட்டி, அபிநயத்தின் நுட்பத்தை நமக்குப் பரிமாறுகின்றது. ஆனால் அதே வேளையில் பாதங்கள் சட்டத்துக்கு வெளியே போய்விடுகின்றன. கண் தாய்மையைச் சொல்லும்போது கால் எந்த ஜதியில் நின்றது என்பதை நாம் இழக்கின்றோம். நாடகத்தில் ஒருவர் பேசும்போது மற்றொருவர் பேசாது நின்று கேட்பதும் நடிப்பே. அரங்கில் யாரைப் பார்ப்பது என்பதை நாம் தேர்கின்றோம். திரையில் அத்தேர்வை இயக்குநர் நமக்காகச் செய்துவிடுகின்றார். இதை அறிந்து காண்பவர், 'இப்போது காட்டாத பக்கத்தில் என்ன நிகழ்கின்றது?' என்று தமக்குள் கேட்டுக்கொண்டே காண்பார். மேடை முழுவதும் தெரியும் காட்சி வரும்போதெல்லாம் அதை வாய்ப்பாகக் கொள்வார்.

இதற்கு மிகச் சிறந்த சான்று சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த 'பாலா' என்னும் ஆவணப்படம். ராய் தம் சிறு வயதில், 1935-இல், கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைக் கண்டவர். படம் எடுக்க வாய்த்தபோதோ அம்மையாருக்கு வயது 58. படத்தின் ஒரு பகுதியில் அவர் கடற்கரையில் நின்று 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' என்னும் கன்னடப் பதத்துக்கு அபிநயம் செய்கின்றார். காற்று சேலையை அலைக்கின்றது. அலைகள் கண்ணை இழுக்கின்றன. பின்னர் வரும் வர்ணத்தில் அவர் மேடையில் ஆடுகின்றார். இரண்டையும் அடுத்தடுத்துக் காண்போருக்கு மேடை என்பது ஏன் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். கன்னட நாட்டில் பிறந்த ஒரு பதத்தைச் சென்னையில் வாழ்ந்த தமிழ்க் கலைஞர் தம் உயிரினும் மேலாகப் போற்றி ஆடினார் என்பதும் பெங்களூர்த் தமிழர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்க செய்தி.

பதிவு எதுவும் இல்லாமற்போனால் என்ன இழப்பு என்பதற்கு எஸ். ஜி. கிட்டப்பாவே சான்று. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கொட்டகையின் கடைக்கோடிவரை எட்டிய குரல் அவருடையது. 1933-இல் இளம் வயதிலேயே மறைந்த அவர் திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. இசைத்தட்டுகளில் குரல் இருக்கின்றது. அக்குரலோடு அவர் மேடையில் எவ்வாறு நடந்தார், எவ்வாறு நின்றார், கே. பி. சுந்தராம்பாளின் பாட்டுக்கு எவ்வாறு மறுமொழி பாடினார் என்பன கண்டவர்களோடு போய்விட்டன.

ஓபரா என்றவுடன் நம்முள் பலர், அது நமக்கு விளங்காது என்று ஒதுங்குகின்றனர். ஒதுங்கத் தேவையில்லை. உரையாடலும் பாட்டாகவே அமைந்து, வாத்தியக் குழுவின் துணையோடு கதையை நடத்திச் செல்வது ஓபரா. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமண'த்தில் வேலனும் வள்ளியும் பாட்டாலேயே வாதிடுவதை இரவு முழுவதும் கேட்ட மரபு நம்முடையது. தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் பாகவத மேளா நாடகங்கள் இன்றும் தெலுங்கிலேயே நடைபெறுகின்றன. தமிழ் பேசும் ஊரார் அவற்றைப் பக்தியோடும் சுவையோடும் காண்கின்றனர். மொழி விளங்காமை நாடகத்துக்குத் தடையன்று. கதை விளங்காமையே தடை. அத்தடையை நீக்க 1983-இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஓர் உபாயம் கண்டனர். மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகளை ஒளியால் காட்டினர். பிறகு அம்முறை உலகெங்கும் பரவியது. இணையப் பதிவுகளில் அதே வரிகள் திரையின் அடியில் ஓடுகின்றன.

ஓபராவின் மற்றொரு பண்பையும் கருத வேண்டும். அதன் பாடகர்கள் பொதுவாக ஒலிபெருக்கியின்றியே பாடுகின்றனர். மெட்ரோபாலிடன் அரங்கில் ஏறத்தாழ 3,800 பேர் அமரலாம். மேடையின் முன்பள்ளத்தில் வாசிக்கும் வாத்தியக் குழுவைக் கடந்து அத்தனை பேர் செவிக்கும் ஒரு குரல் செல்ல வேண்டும். அந்த உழைப்பும் அழகும் கைப்பேசியின் சிறு ஒலிவாயிலில் அகப்படுவதில்லை. படம் சிறிதாயிருப்பினும் ஒலி நன்றாயிருத்தல் வேண்டும் என்பதை ஓபராவுக்கு முதல் விதியாகக் கொள்ளலாம்.

இனி, தலையாய செய்திக்கு வருவோம். இணையம் மேடையைக் கொண்டுவந்து தருகின்றது, நடிகரைத் தருகின்றது, பாட்டைத் தருகின்றது. அது தராதது ஒன்றே ஒன்று, அதுவே அவை. பதிவில் கேட்கும் கைதட்டல் அங்கே இருந்தோருடையது, நம்முடையது அன்று. ஒருவர் கட்டிலில் படுத்தவாறு பத்து நிமிடம் கண்டு, நடுவில் வேறு செய்திக்குத் தாவி, மறுநாள் எஞ்சியதை விரைவாக ஓட்டிப் பார்ப்பாராயின் அவர் கண்டது நாடகத்தின் நிழலே. நால்வர் கூடி, நேரம் குறித்து, தொடக்கம் முதல் இறுதிவரை அமர்ந்து காண்பாராயின் அந்தக் கூடம் ஒரு சிறு சபையாகிவிடுகின்றது. அவையை நாமே அமைத்துக்கொண்டாலன்றி வீட்டுக்கு வந்த மேடை நிறைவு பெறாது.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு நாளை, ஞாயிற்றுக்கிழமை மாலையைப் போல, குறித்துக்கொள்ளலாம். ஒரு மாதம் தமிழ் நாடகம், மறுமாதம் நாட்டியம், அதற்கு அடுத்த மாதம் பிற நாட்டு அரங்கம் என முறை வைக்கலாம். அடுத்த வீட்டாரையும் அழைக்கலாம். அவர் கன்னடியரோ மலையாளியோ உருது பேசுபவரோ ஆயின் இன்னும் நன்று. கைப்பேசியை விடுத்து, தொலைக்காட்சிப் பெட்டியின் பெரிய திரையில், இயலுமாயின் தனி ஒலிபெருக்கியோடு காண வேண்டும். அறையின் விளக்கைத் தணித்து, கைப்பேசிகளை அடுத்த அறையில் வைத்துவிடுதல் நலம். பெங்களூரின் ஜே. பி. நகரில் 2004-இல் திறந்த ரங்க சங்கரா அரங்கம், குறித்த நேரத்துக்குப்பின் வருவோரை உள்ளே விடாத கண்டிப்புக்குப் பெயர் பெற்றது. அந்த ஒழுங்கை வீட்டிலும் கடைப்பிடித்தால் பிள்ளைகள் அரங்கின் மரியாதையைக் கேளாமலே கற்பர்.

காணுமுன் கதையை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். வீட்டுப் பெரியவர் வள்ளி கதையைச் சொல்லட்டும். ஓபராவின் கதையைக் கல்லூரியில் படிக்கும் பேத்தி படித்துச் சொல்லட்டும். இணையத்தில் வரும் மொழிபெயர்ப்பு வரிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகளிலுமே இருக்கும். அவற்றை விரைந்து படிக்க இயலாத பாட்டிக்குக் காட்சியின் சாரத்தைப் பேத்தி இரண்டொரு சொல்லில் தமிழில் சொன்னால், தமிழ் பேச அவளுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

ஓபராவுக்குப் புதியவர்கள் பிசே இயற்றிய 'கார்மென்' போன்ற ஒன்றைக் கொண்டு தொடங்கலாம். 1875-இல் பாரிஸில் அரங்கேறிய அது நான்கு அங்கங்களை உடையது. படைவீரன் ஒருவன் சுருட்டுத் தொழிற்சாலைப் பெண்ணொருத்திமேல் கொண்ட காதலும் அதன் கேடுமே கதை, எவருக்கும் விளங்கும். அங்கத்துக்கு அங்கம் இடைவேளை விட்டுக் காப்பி அருந்தலாம், இடையில் நிறுத்தலாகாது. முடிந்தபின் அரைமணி நேரம் பேச வேண்டும். 'எந்த இடம் நினைவில் நின்றது? கேமரா எதைக் காட்டத் தவறியது?' என்னும் இரு கேள்விகளே போதும்.

நிகழ்ச்சிகளை எங்கே பெறுவது என்பதிலும் நேர்மை வேண்டும். ஐரோப்பிய ஓபரா அரங்குகள் பல கூடி நடத்தும் ஓபராவிஷன் தளம் குறித்த காலத்துக்குக் கட்டணமின்றி வழங்குகின்றது. மெட்ரோபாலிடன் நிறுவனமும் நேஷனல் தியேட்டரும் சந்தா முறையில் தருகின்றன. சபைகளும் நாடகக் குழுக்களும் தாமே வெளியிடும் பதிவுகளையே நாம் தேட வேண்டும். திருட்டுப் பதிவில் காண்பது, கூத்துக் கொட்டகையின் கீற்றைப் பிரித்து உள்ளே நுழைவதற்கு ஒப்பாகும். மேடைக் கலைஞரின் வருவாய் என்றுமே நிலையற்றது. கட்டணம் கேட்கும் இடத்தில் மனமுவந்து கொடுப்பது அடுத்த நாடகம் நிகழ நாம் இடும் வித்து. தமிழ் நாடகங்களையும் தெருக்கூத்தையும் நல்ல ஒளியோடும் ஒலியோடும் பதிவு செய்வதற்குப் பொருள் வேண்டும். காண்போர் இருக்கின்றனர் என்று தெரிந்தாலன்றி அப்பொருளை எவரும் முதலிடார்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. பதிவு, மேடைக்குச் செல்லும் வழியேயன்றி மேடைக்கு மாற்று அன்று. கடலைப் படத்தில் கண்ட பிள்ளைக்குக் கடற்கரைக்குப் போக ஆசை எழ வேண்டும். பிரேசர் டவுனுக்கு அருகில் அல்சூரில் 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கின்றது. வயலின் வடிவில் எழுந்து 1980-இல் திறந்த சௌடையா நினைவு மண்டபம் இருக்கின்றது. கன்னட நாடகமும் பன்மொழி நாடகமும் நடைபெறும் ரங்க சங்கரா இருக்கின்றது. வீட்டில் மூன்று பதிவுகளைக் கண்ட குடும்பம் நான்காவது முறை இவற்றுள் ஒன்றுக்கு நேரில் சென்று அமர வேண்டும். அங்கே மொழி கன்னடமாயினும் தயங்க வேண்டாம். மெலட்டூராரின் மரபு நமக்குத் துணை நிற்கும். வாழும் மண்ணின் நாடகத்தைக் காணக் கற்றவர் தம் மொழியின் நாடகத்தையும் இழக்கமாட்டார்.

தொலைவு என்னும் தடையை இணையம் நீக்கிவிட்டது. பிரேசர் டவுனிலும் மும்பை தாராவியிலும் டில்லி கரோல்பாக்கிலும் வாழும் தமிழர், இனிமேல் நாடகம் எட்டாத இடத்தில் இருப்பதாகச் சொல்வதற்கில்லை. எஞ்சி நிற்பது மனம் கூடி அமர்தல் ஒன்றே. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு நாற்காலிகளை வரிசையாகப் போடுங்கள். அவை அங்கே தொடங்கட்டும்.